எண்பத்து நான்கு குடம்

ஆழிமங்கலத்துப் பெரியேரி வற்றிப்போன ஒன்பதாம் ஆண்டில், ஆடி மாதத்து மூன்றாம் புதன்கிழமை, காலை ஷிப்டுக்கு மணியடித்து அரைமணி நேரம் ஆகியிருந்த வேளையில், ஏரிக்கரையை ஒட்டி நின்ற கார் ஆலையில் அன்று முதலாவதாக முடிந்து வந்த வெள்ளைநிற மின்சாரக் கார், தன் கதவுகளின் தகட்டிலிருந்தும் கூரையின் வளைவிலிருந்தும் நீர் சொரியத் தொடங்கிற்று. மேலே மேகம் இல்லை. பக்கத்தில் உடைந்த குழாய் இல்லை. நீர் வருவதற்கு முறையான காரணம் எதுவும் இல்லை. ஆயினும் அது, நெடுநாள் வாசலில் காத்திருந்து உள்ளே அழைக்கப்பட்ட விருந்தாளியைப்போல, அவசரமில்லாமல், முதலில் துளியாய், பின் இழையாய், பின் நூலாய் வந்தது.

அதை முதலில் கண்டவள் கோதைநாயகி. ஆலை எழுந்த நாள்தொட்டுப் பதினோராண்டாக அவள் வேலை பார்த்தது மழைச் சோதனைக் கூடத்தில். முடிந்து வரும் ஒவ்வொரு காரையும் அங்கே நான்கு புறமும் குழாய்களால் நனைத்து, பிறகு கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியிலும் கால்மிதிக்குக் கீழும் கையை விட்டு, உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கைக்கணினியில் கட்டைவிரலை வைத்து ‘சரி’ என்று ஒப்பமிட வேண்டும்.

“சார், கொஞ்சம் இங்க வந்து பாருங்க,” என்று அவள் ஷிப்டு மேற்பார்வையாளர் ரெஜினால்டை அழைத்தாள்.

“என்னம்மா, உள்ள ஈரமா?”

“உள்ள சருகாட்டம் காஞ்சிருக்குது சார். வெளியதான் வடியுது.”

“மழைச் சோதனையில வெளிய நனையாம வேற எங்க நனையும்?”

“குழாய மூடிக் கால் மணி ஆவுது. மூணு வாட்டி தொடச்சிட்டேன். மறுபடி மறுபடி ஊறுது.”

ரெஜினால்டு கதவைத் தடவி விரலைப் பார்த்தார். பிறகு கைக்கணினியைப் பார்த்தார். அதில் பதினான்கு வகைக் கசிவுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பதினான்கும் வெளியிலிருந்து உள்ளே வருபவை. உள்ளிருந்து வெளியே வரும் பதினைந்தாவது கசிவு ஒன்று உலகில் இருக்கக்கூடும் என்று, அந்தப் பட்டியலை எழுதியவர்கள் எண்ணியிருக்கவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையையும் பார்த்தார். அந்த ஆலைக்குக் கணினிக்குள்ளே ஓர் இரட்டை ஆலை உண்டு. இங்கே ஒரு திருகாணி முறுக்கப்பட்டால் அங்கே அதன் நிழல் முறுக்கப்படும். இங்கே ஒரு விளக்கு எரிந்தால் அங்கே அதற்குச் செலவான மின்சாரம் எண்ணப்படும். அந்த இரட்டை ஆலையில் அந்த வெள்ளைக் கார் பாலைவனத்துக் கூழாங்கல்லைப்போல உலர்ந்திருந்தது.

“சிஸ்டத்துல காஞ்சிருக்கு. சரின்னு வெச்சு அனுப்பும்மா. பின்னால வண்டி நிக்குது.”

அவள் விரலை வைத்தாள். அப்போது திரையில் அந்தக் காரின் பிறப்புச் சான்று விரிந்தது. இரும்பு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, காற்றில் கலந்த புகை எவ்வளவு, குடித்த நீர் எவ்வளவு என்று ஒவ்வொரு காருக்கும் ஒரு சான்று. பூமிக்கு நோகாமல் செய்யப்பட்ட கார் இது என்று வாங்குபவர் நம்புவதற்காக அது காரோடு கூடவே போகும். நீர் பயன்படும் கடைசி இடம் மழைச் சோதனைக் கூடமே ஆதலால் நீர்க்கணக்கு அங்கேதான் முடியும்; அதன் கீழே விழுவது கோதைநாயகியின் கட்டைவிரல்தான். நீர்: ஆயிரத்துத் தொள்ளாயிரம் லிட்டர். எண் தானாகவே வந்து நிற்கும். திருத்தவும் ஓர் இடம் இருந்தது. பதினோராண்டில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

அன்று அந்த ஒரு கார்தான். மறுநாள் மூன்று. வாரம் முடிவதற்குள் மின்சாரக் கார் வரிசையில் நாள்தோறும் முடியும் நாற்பது காரும் முற்றத்துக்கு வந்து நின்று ஒரு பகல் முழுவதும் நீர் சொரிந்தன. பகல் முடிந்ததும் சொல்லிவைத்ததுபோல் நின்று உலர்ந்தன. உலர்ந்தபின் லாரியேறி ஊர் ஊராகப் போயின. வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை.

முதலில் அந்த நீர் வடிகாலில் ஓடிற்று. நான்காம் நாள் வாசற் காவலாளி ஒருவர் தம் போத்தலில் பிடித்துக் குடித்துப் பார்த்து, இன்னொரு போத்தல் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆறாம் நாள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு பக்கவாசலில் நின்றார்கள். ஊராட்சித் தலைவி பூங்காவனம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள், பக்கவாசல் திறந்தது. பிளாஸ்டிக் குடத்தால் அளந்தபோது ஒரு காருக்கு எண்பத்து நான்கு குடம். வெள்ளைக்கும் எண்பத்து நான்கு, நீலத்துக்கும் எண்பத்து நான்கு, சிவப்புக்கும் எண்பத்து நான்கு. ஒரு செம்பு கூடியதில்லை, குறைந்ததில்லை. நாற்பது காரின் நீரை ஊரின் அறுநூற்றெழுபத்திரண்டு வீடுகளுக்கும், வீட்டுக்கு ஐந்து குடமாகப் பங்கிட்டால் சரியாகத் தீர்ந்தது. அந்தக் கணக்கின் நேர்த்தியைக் கண்டு, இது திருவுள்ளம் என்று சிலர் கைகூப்பினார்கள்.

அதிசயம் ஒரு மாதத்தில் வழக்கமாயிற்று. வழக்கம் இரண்டு மாதத்தில் உரிமையாயிற்று. திங்களன்று வடக்குத் தெருவுக்கு முதல் முறை, செவ்வாயன்று மேட்டுத் தெருவுக்கு என்று முறை வந்தது. முறை வந்ததால் சண்டை வந்தது. நீலக் கார்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்று ஒரு கட்சி எழுந்தது. சிவப்புக் கார்த் தண்ணீரில் துணி வெளுக்கிறது என்று இன்னொரு கட்சி. பெண்கள் கார்களின் நெற்றிக் கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் இட்டார்கள். ‘வாகனத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது’ என்று நிறுவனம் பலகை மாட்டிற்று. பலகைக்கும் பொட்டு வைத்தார்கள். பேருந்து நடத்துநர் அந்த நிறுத்தத்தைக் கார்த்தண்ணி என்றே கூவி இறக்கினார். லாரியில் தண்ணீர் விற்றுவந்தவர் மட்டும் இது கலியின் கொடுமை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் எவரும் சொல்லவில்லை. அந்த நீரில் அல்லித்தண்டின் வாசம் இருந்தது. வாயில் வைத்ததும் அடிநாக்கில் ஒரு களிமண் குளிர்ச்சி தங்கிற்று. ஒருநாள் வடக்குத் தெருக் கன்னியம்மாளின் குடத்தில் விரல்நுனி அளவு கெளுத்திக் குஞ்சு ஒன்று நீந்திற்று. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் நாக்கும் அந்த நீரை அடையாளம் கண்டது. கண்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனெனில் பெயர் சொல்லிவிட்டால், அது அங்கே எப்படிப் போயிற்று என்ற அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் ஐந்து குடம் நிற்கும்.

ஆவணி பிறந்ததும், ஆலையின் சுற்றுச்சூழல் கணக்கைப் பார்க்கும் நிலைத்தன்மைப் பிரிவு மேலாளர் ஸ்ரீவத்சன், நீர் பிடிக்க வருபவர்கள் குடத்துக்கு முன் ஒரு சிறு கருவியில் கட்டைவிரல் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர்தான், சென்னையில் அவர் குடியிருந்த அடுக்குமாடிக்கு லாரி வராத நாட்களில் தாமும் இரண்டு கேன் பிடித்துக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு போவார். அவருடைய திரையில் ஆலையின் நீர்க்கணக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் மாறிற்று. எடுப்பதைவிடக் கொடுப்பது அதிகமான ஆலை என்று எங்கோ ஒரு பெருநகரத்தில் அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கோதைநாயகி அவரிடம் கேட்டாள்: “சார், சான்றுல ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு வருது. அதுக்கு மேல எண்பத்து நாலு குடம் வடியுதே, அது எந்தக் கணக்கு?”

“அது சிஸ்டத்துல இல்லையேம்மா. இல்லாத தண்ணிய நான் எப்படிச் சேக்கறது?”

“ஊருக்குக் குடுத்ததா மட்டும் சேத்துக்கினீங்களே?”

ஸ்ரீவத்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது வேற ரிப்போர்ட்டும்மா.”

இந்தப் பதிலை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். உலை வைக்கும்போதும் விளக்கேற்றும்போதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் புகுவதற்கு ஒரு வாசலும் இல்லை. அந்நாட்களில் அவளுடைய வலக் கட்டைவிரல் நெடுநேரம் நீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தது. அரிசி களைந்த கைக்கு அப்படி ஆவதுண்டு. ஆனால் இது உறங்கி எழுந்தாலும் மாறவில்லை. கைக்கணினி சில வேளை அந்த விரலை அறியாமல் மறுத்தது. ரெஜினால்டு தம் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்.

அவளுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருந்தது. ஆழிமங்கலத்து முகில்வண்ணப் பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருமஞ்சனத்துக்கு நீர் சுமப்பது அவள் குடும்பத்துக் கைங்கரியம். அந்தக் கோயிலில் நீர் கேட்டல் என்று ஒரு முறை உண்டு. குடம் சுமந்தவர் கொடிமரத்தடியில் நிற்க, அர்ச்சகர் எதிரே வந்து, “எங்குள்ள நீர்?” என்று மும்முறை கேட்பார். சுமந்தவர் மும்முறை இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன ஒவ்வொரு முறையும் சூழ நின்றவர்கள் “அறிவோம்” என்று சாட்சி சொல்ல வேண்டும். ஊர் அறியாத நீர் எம்பெருமான் திருமேனியில் படலாகாது என்பது அதன் கருத்து. அந்த நீர் எப்போதும் மடப்பள்ளிக் கிணற்று நீரே. ஊரில் எல்லாக் கிணறும் வற்றியபின்னும் அது ஒன்றுதான் கைவிடாமல் இருந்தது. இப்போது ஆலைக்கு இரண்டாவது வண்ணப்பூச்சுக் கூடம் கட்டப்போகிறார்கள், அதற்காகப் பெரியேரியின் வயிற்றில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்போகிறார்கள், புரட்டாசி நடுவில் அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்றில் ஒன்று கோயில் மதிலிலிருந்து நாற்பதடி. அந்தக் குழாய் இறங்கினால் மடப்பள்ளிக் கிணறு இருக்காது. கிணறு இல்லையென்றால், தலைமுறை தலைமுறையாக அவள் குலம் சொல்லிவந்த அந்த ஒரு விடையும் இருக்காது.

குழாய் இறங்கும்வரைகூட அது பொறுக்கவில்லை. புரட்டாசி முதற் சனிக்கிழமை விடியலில் அவள் விட்ட வாளி சேற்றில் போய்ச் சொத்தென்று உட்கார்ந்தது. மூன்று முறை விட்டாள்; மூன்று முறையும் சேறு. வேறு வழியின்றி, முந்தின நாள் பிடித்து வைத்த கார்த் தண்ணீரைச் செப்புக் குடத்தில் ஊற்றி, அதன் வாயில் துளசி செருகி, தலையில் சுமந்து கொடிமரத்தடியில் வந்து நின்றாள்.

அர்ச்சகர் வரதாச்சாரியார் வழக்கம்போல் கேட்டார்: “எங்குள்ள நீர்?”

மடப்பள்ளிக் கிணற்று நீர் என்றால் பொய். பெரியேரி நீர் என்றால் மெய். ஆனால் அது மெய்யானால், நாள்தோறும் நாற்பது தடவை அவள் வைத்த விரல் பொய். இரண்டுக்கும் நடுவே அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. சூழ நின்ற ஊரும், சாட்சி சொல்லத் திறந்த வாயோடு, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நின்றது.

“தெரியலையாம்மா, சொல்ல முடியலையா?” என்று வரதாச்சாரியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சொல்ல முடியல சாமி.”

“அப்படின்னா நானும் அவர் தலையில விட முடியாதேம்மா.”

அந்தச் சனிக்கிழமை முகில்வண்ணப் பெருமாள் நீராடவில்லை. உலர்ந்த திருமேனிக்கே மாலை சாற்றித் திரையைப் போட்டார்கள். ஊர் கலைந்து போகும்போது, கன்னியம்மாள், கோதைநாயகியோடு ஒரே பள்ளியில் படித்தவள், காதில் விழும்படி சொன்னாள்: “வாயத் தொறந்து ஏதாவது ஒரு கெணத்துப் பேரச் சொன்னா இவளுக்குக் கொறஞ்சா பூடும்? சாமியையே பட்டினி போட்டுட்டாளே மகராசி.”

திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் கோதைநாயகி சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. கைக்கணினியோடு முற்றத்துக்குப் போனாள். சான்றைத் திருத்த ஒரு பகல் அவகாசம் உண்டு. பதினேழாம் எண் கார், நீலம், கன்னியம்மாளின் குடத்துக்குள் சொரிந்துகொண்டிருந்தது. அவள் நீர்க்கணக்கைத் திறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை அழித்து, எண்பத்து நான்கு குடத்துக்கு ஆயிரத்திருநூற்றறுபது லிட்டர் கூட்டி, மூவாயிரத்து நூற்றறுபது என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ‘விட்டுப்போனது’ என்று எழுதினாள். விரலை வைத்தாள்.

கார் நின்றது. குழாயை மூடினால் கடைசிச் சொட்டாவது விழும்; இது அதுவும் இல்லாமல், பேச்சின் நடுவே வாயைப் பொத்தியதுபோல் நின்றது. குடம் பாதியில் இருந்தது.

“இன்னாடி பண்ண?” என்றாள் கன்னியம்மாள்.

திரையில் சிவப்பு எரிந்ததைக் கண்டு ரெஜினால்டு ஓடி வந்தார். “என்னம்மா இது, வழக்கத்துக்கு மாறான மதிப்புன்னு கத்துது!” என்று கைக்கணினியை வாங்கிப் பழைய எண்ணை மீண்டும் எழுதினார். கார் மீண்டும் சொரியத் தொடங்கிற்று. அவர் காரைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தாமே மெல்ல மூவாயிரத்து நூற்றறுபது என்று எழுதினார். நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். சொரிந்தது. வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம் நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு ரெஜினால்டு சொன்னார்: “அம்மா, இத நீயும் பாக்கல, நானும் பாக்கல. எனக்கு ரெண்டு பொண்ணு.”

மாலைக்குள் ஊருக்கே தெரிந்தது: சான்றில் மறைத்ததெல்லாம் தகட்டில் வடிகிறது, மறைக்காவிட்டால் வடியாது. இப்படியொரு சூத்திரத்தை அறிந்த ஊர் என்ன செய்யும்? கொதித்தெழும் என்று நீதிநூல் படித்தவர்கள் நினைப்பார்கள். ஊர் கோதைநாயகியின் வீட்டு வாசலுக்கு வந்து, தயவுசெய்து பொய்யையே எழுது என்று கேட்டுக்கொண்டது.

“ஏம்மா கோத,” என்றாள் பூங்காவனம், “நான் அஞ்சு வருசமா மனு மேல மனு போட்டேன். ஒரு சொட்டு வரல. இப்ப வாசல்ல வருது. அத உண்மை பேசிக் கெடுக்கணுமா?”

“அது நம்ம ஏரித் தண்ணி அக்கா. நம்மளுதயே எடுத்து, நம்மகிட்டயே விரல் ரேகை வாங்கினு குடுக்கறாங்க.”

“யார் தண்ணியா இருந்தா இன்னா, கொடம் நெறையுதில்ல?” என்றாள் கன்னியம்மாள். “நீ உண்மைய எழுதிடுவ. அப்புறம் உலைக்கு உன் உண்மையையா ஊத்துவேன்?”

“மூணு போர் எறங்குனா கார் இன்னும் நூறு வரும். இன்னும் அதிகமா வடியும். கெணறு பூடும். அப்புறம் கார் கம்பெனி வேற ஊருக்குப் பூட்டுதுன்னா?”

“பூட்டா பாத்துக்கலாம். நாளைக்குக் காலைல எனக்கு அஞ்சு கொடம் வேணும்.”

கோதைநாயகிக்கும் காலையில் ஐந்து குடம் வேண்டியிருந்தது. ஏழு வேலைநாள், இருநூற்றெண்பது கார். இருநூற்றெண்பதுக்கும் அவள் விரலை வைத்தாள். விரலின் சுருக்கம் உள்ளங்கைவரை ஏறிற்று. இரண்டாம் சனிக்கிழமை அவள் குடம் எடுக்கவில்லை. மெய்யைச் சொல்லத் துணிவில்லாதவள், கேள்வி கேட்கப்படும் இடத்துக்கே போகாமல் இருந்தாள். கருவறைத் திரைக்குப் பின்னே பெருமாள் மறுபடியும் உலர்ந்து நின்றார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் புதன்கிழமை, ஆலை முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. ஒருபுறம் ஊர், ஒருபுறம் அன்றைய நாற்பது கார், வாளிகளுக்கும் குடங்களுக்கும் மேலே சொரிந்தபடி. கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி நடுவயதுப் பெண்மணி. நெடுந்தூரம் வெயிலில் வந்தவர். அவர் பக்கத்தில் தட்டச்சர் ஒருவர் மடிக்கணினியில் ஒவ்வொரு சொல்லையும் பதிந்துகொண்டிருந்தார்.

ஸ்ரீவத்சன் திரையில் காட்டினார்: பச்சை நிறம், கேடயம், பிறகு கட்டைவிரல் ரேகைகள். இருபத்தையாயிரத்துச் சொச்சம் ரேகைகள் திரையில் எறும்புக் கூட்டம்போல் நிறைந்தன. “இந்த ஊர் மக்கள் ஒவ்வொரு நாளும் இந்த ஆலையிலிருந்து தண்ணீர் பெற்றதை அவர்களே உறுதி செய்திருக்கிறார்கள். ஆலை வளர்வதில் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.”

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தண்ணீருக்கு வைத்த விரல் ஆழ்துளைக் கிணற்றுக்கும் வைத்ததாகும் என்பதை ஊர் அப்போதுதான் அறிந்தது. பூங்காவனம் எழ முயன்றாள், கார்களைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

“ஆட்சேபணை உள்ளவர்கள் பேசலாம்,” என்றார் அதிகாரி. நாற்பது கார் சொரியும் ஓசை மட்டும் கேட்டது. “யாரும் இல்லையா?” என்று மறுபடி கேட்டு, அவர் கழுத்து வியர்வையை ஒற்றி, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார்.

கோதைநாயகி எழுந்தாள். எதிர்க்க வேண்டும் என்று எண்ணி எழவில்லை. கேட்டவருக்கு நீர் கொடுக்கும் குலத்தில் பிறந்ததால் எழுந்தாள். பக்கத்துக் காரின் அடியில் நிறைந்திருந்த குடத்தை எடுத்து, இடுப்பில் வைக்காமல், கை பழகியபடி தலையில் வைத்து, மேசைக்கு எதிரே வந்து நின்றாள். அதிகாரி குடத்தைப் பார்த்து, வெளியூர்க்காரருக்கு இயல்பான எச்சரிக்கையோடு கேட்டார்:

“இது எந்தத் தண்ணிம்மா?”

குடம் அவள் தலையில் இருந்தது. கேள்வி அவள் எதிரே இருந்தது. ஆயிரமாண்டாய் இந்த இரண்டும் கூடும் இடத்தில் அவள் குலம் செய்த ஒன்றையே அவளும் செய்தாள். “பெரியேரித் தண்ணி.”

பந்தலுக்குள் யாரோ ஒரு கிழவர், தாம் எங்கிருக்கிறோம் என்பதை மறந்து, “அறிவோம்,” என்றார்.

“பெரியேரித் தண்ணி,” என்றாள் அவள் இரண்டாம் முறை. இம்முறை பத்துப் பதினைந்து பேர் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தம் வாயையே கையால் பொத்திக்கொண்டார்கள்.

“பெரியேரித் தண்ணி. மண்ணுக்கடியில இருந்து எடுத்தது. காருக்கு எண்பத்து நாலு குடம் கணக்குல விட்டது. விட்டதுக்கு விரல் வெச்சவ நான்.”

மூன்றாம் முறைக்கு ஊர் விடை சொல்லாமல் இருக்க முயன்றதை அவள் கண்டாள். பற்களைக் கடித்தார்கள், தரையைப் பார்த்தார்கள். ஆனால் பிறந்தது முதல் புரட்டாசிதோறும் சொன்ன சொல், உடம்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை அடக்க அவர்களுக்குத் தெரியவில்லை. அறுநூற்றெழுபத்திரண்டு வீடும் ஒரே குரலாய், கோபமாய், தம் மேலேயே வெறுப்பாய், “அறிவோம்!” என்றது.

“பதிவு பண்ணுங்க,” என்றார் அதிகாரி. தட்டச்சர் பதிந்தார். அவர் விரல் கடைசி எழுத்தைத் தொட்டபோது நாற்பது காரும் நின்றன. அந்த அமைதியில், எங்கோ ஒரு பாதிக் குடத்துக்குள் ஒரு மீன்குஞ்சு துள்ளிய ஓசைகூடக் கேட்டது.

நீர்க்கணக்கு முழுமையாக மறு ஆய்வு செய்யப்படும்வரை மூன்று ஆழ்துளைக் கிணறுகளுக்கும் அனுமதி இல்லை என்று ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மறு ஆய்வு எப்போது என்று அதில் இல்லை. பழைய குழாய்கள் வழக்கம்போல் உறிஞ்சின. நிறுவனத்தின் திரையில், ‘வெளிப்புறக் கசிவுக் குறை முற்றிலும் நீக்கப்பட்டது’ என்று பதிவாயிற்று. ரெஜினால்டின் குழுவுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். கைக்கணினியின் பட்டியலில் பதினைந்தாவது கசிவைச் சேர்த்தார்கள். சான்றில் எண்ணைத் திருத்தும் இடத்தை எடுத்துவிட்டார்கள். கோதைநாயகியைச் சக்கரம் பூட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நீருக்கு வேலையில்லை. அவள் விரல் உலர்ந்து, அதன் ரேகை பழையபடி தெரிந்தது.

ஊருக்குத் தண்ணீர் லாரி மீண்டும் வந்தது. அதன் உரிமையாளர் விலையை ஏற்றியிருந்தார். மூன்றாம் சனிக்கிழமை அந்த லாரித் தண்ணீரைத் திருமஞ்சனத்துக்குக் கேட்டபோது, எந்த ஊர்க் கிணறு என்று ஓட்டுநர் சொல்ல மறுத்துவிட்டார். பெண்கள் கோதைநாயகியைக் கண்டால் காலிக் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். கன்னியம்மாள் பத்து நாள் அவளோடு பேசவில்லை, எதிர்ப்பட்டபோதெல்லாம் காற்றோடு பேசினாள்: “உண்மை வருது, ஒதுங்குங்க, ஒதுங்குங்க.”

பூங்காவனம் மட்டும், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், மடப்பள்ளிக் கிணற்றில் ஆளிறக்கித் தூர் வாரச் செய்தாள். பன்னிரண்டு முழம் சேறு வந்தது. அதற்கடியில் பாறை இடுக்கில் கண்ணீர்த் தடம்போல் ஓர் ஊற்று இருந்தது.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை விடியலில் கோதைநாயகி வாளியை விட்டாள். ஏழு முறை விட்டு எடுத்ததில் அரைக்குடம் தேறிற்று, அதுவும் கலங்கல். தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்து, துளசி செருகி, அந்த அரைக்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொடிமரத்தடிக்கு வந்தாள். ஊர் வந்திருந்தது, பேசாமல், முகம் கொடுக்காமல், பாதிப் பேர் லாரிக்காகக் கொண்டுவந்த காலிக் குடங்களோடு.

“எங்குள்ள நீர்?” என்று கேட்டார் வரதாச்சாரியார்.

“மடப்பள்ளிக் கிணற்று நீர்.”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அர்ச்சகர் காத்திருந்தார். அவள் கழுத்து வலித்தது. அரைக்குடம் நிறைகுடத்தைவிடக் கனத்தது. கூட்டத்தில் ஒரு காலிக் குடம் கல்லில் இடித்து ஒலித்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து கன்னியம்மாளின் குரல், பத்து நாளாய் அடக்கிய எரிச்சல் முழுவதோடும், சலித்துக்கொண்டு வந்தது:

“அறிவோம், அறிவோம். மூணு வாட்டிக்கும் சேத்துச் சொல்லிட்டேன். ஊத்துங்க சாமி, லாரி வந்துடப்போவுது.”